தார்ப்பாய்க்கு நான் செய்த கிளிப்பு

இப்போது உப்பளத்துப் பக்கம் போனால் எந்த மோட்டாரைப் பார்த்தாலும் நீலத் தார்ப்பாய் போர்த்தி, ஓரத்தில் பல் வைத்த பிளாஸ்டிக் கிளிப்பு மாட்டியிருக்கிறார்கள். கடைக்காரரிடம் கேட்டால், புதுசா வந்திருக்கு ஆச்சி, வெளியூர்ச் சரக்கு என்கிறார். வந்துவிட்டுப் போகட்டும். இந்தக் கரையில் மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்றுக்கு எதிரே ஒரு தார்ப்பாயை முதலில் அடக்கி உட்கார வைத்தவள் நான். அப்போது எனக்குப் பத்து வயது. வேறு யாரும் இதை எழுதப் போவதில்லை, அதனால் நானே எழுதுகிறேன். எழுத்துக் கூட்டி எழுதுகிறவள், மெதுவாகத்தான் வரும். அவசரம் உள்ளவர்கள் வேறு எதையாவது படிக்கலாம்.

எங்கள் வீடு மாப்பிள்ளையூரணியில். அப்பா இளவயதில் கடலுக்குப் போனவர். பிறகு தருவைகுளம் போகிற வழியில் ஓர் அண்ணாச்சியின் உப்பளத்தில் இஞ்சின் ஓட்ட வந்துவிட்டார். அதற்கு முன்னால் அந்த அளத்தில் ஏற்றம் கட்டித்தான் கிணற்று உப்புத்தண்ணீரை இறைத்துப் பாத்திக்கு விட்டார்கள். எண்ணெயில் ஓடுகிற இஞ்சின் வந்து இறங்கியதும் அண்ணாச்சி அதற்குச் சந்தனமும் குங்குமமும் வைத்து எலுமிச்சம்பழம் நசுக்கினார். அவர் தலை மறைந்ததும் அப்பா மெழுகுதிரி ஏற்றி, பழைய செபமாலை ஒன்றை எண்ணெய்த் தொட்டியின் கழுத்தில் போட்டார். இரண்டு பக்கத்துக் காவல் இருந்தும் உப்புக் காற்று இஞ்சினை விடவில்லை. ஓடாமல் நிற்கிற நேரத்தில் உப்புத்தூளும் மண்ணும் உள்ளே புகுந்து, மறுநாள் கைப்பிடியைச் சுற்றினால் இருமும்.

முதலில் ஓலைக் கொட்டகை போட்டார்கள். புகைக்குழாயிலிருந்து பறந்த பொறியில் அது எரிந்து போனது. பிறகு தார்ப்பாய் வந்தது. இஞ்சின் ஆறியதும் போர்த்த வேண்டும், ஓட்டும்போது எடுக்க வேண்டும். சொல்வதற்கு லேசு. கயிறு போட்டுக் கட்டினால், உப்புத்தண்ணீர் தெறித்துத் தெறித்து முடிச்சு காய்ந்து கட்டையாகிவிடும். அவிழ்க்க முடியாது, அறுக்கத்தான் வேண்டும். கம்பி போட்டால் துருப்பிடித்து உதிரும். செங்கல் வைத்தால் காற்று தார்ப்பாயோடு செங்கல்லையும் தூக்கி இஞ்சின் மேலேயே போடும். ஆனாலும் அப்பா கயிறும் செங்கலும் கெட்ட வார்த்தையுமாக அந்தக் கோடையை எப்படியோ ஓட்டிக்கொண்டுதான் இருந்தார். அத்தை கொழும்பிலிருந்து வந்த மறுநாள் காலையில்தான், தார்ப்பாயைப் பிடித்துக்கொள்ள ஓர் ஆள் இல்லாமல் முடியாது என்று சொல்லி என்னை அளத்துக்குக் கூட்டிப் போனார்.

அத்தை என்றால் அப்பாவின் அக்காள். அப்பாவைப் பெற்றவள் சீக்கிரம் போய்விட்டதால் அப்பாவுக்குச் சோறு ஊட்டி, தலை வாரி, பூசைக்குக் கூட்டிப் போய் வளர்த்தது அத்தைதான். அக்கா கேட்டால் இல்லை என்று சொல்லும் நாக்கு அப்பாவுக்குக் கிடையாது. அத்தையைக் கொழும்பில் கடை வைத்திருந்த ஒருவருக்குக் கட்டிக் கொடுத்திருந்தார்கள். நல்ல வசதி. பிள்ளை மட்டும் இல்லை. அந்த முறை அத்தை வந்ததே அதற்காகத்தான் என்று எல்லோரும் பேசிக்கொண்டார்கள். தம்பி பிள்ளைகளில் ஒன்றைக் கொழும்புக்குக் கூட்டிப் போக வேண்டும். நானும் தங்கச்சியும்தான் பிள்ளைகள். பெரியவள் விவரமாக இருப்பாள், அவளையே கூட்டிப் போகிறேன் என்று முதல் நாள் மாலையிலேயே அத்தை சொன்னதை நான் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டேன்.

“உங்க அக்கா கேக்காவ. நீங்கதான் பதில் சொல்லணும்” என்றாள் அம்மா.

“பாப்போம்” என்றார் அப்பா. விடியும் முன்னே என்னை எழுப்பிவிட்டார்.

எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று பாருங்கள். அங்கே கப்பல். சப்பாத்துப் போட்டுக்கொண்டு போகிற பள்ளிக்கூடம். மூடியில் ராணி படம் போட்ட பிஸ்கட் டின். இங்கே நான் எண்ணெய் நாறுகிற ஒரு தார்ப்பாயின் ஓரத்தில் தவளைபோல உட்கார்ந்து இரண்டு கையாலும் அழுத்திக்கொண்டிருக்கிறேன். அத்தை நகரத்துக்குள் பெரியப்பா வீட்டில் தங்கியிருந்தாள். காலையில் வண்டி வைத்துக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வருவாள், பொழுது சாயும் முன்னே திரும்பிவிடுவாள். நானும் அப்பாவும் போவது அவள் வருவதற்கு முன்னால், வருவது அவள் போன பின்னால். பகலெல்லாம் அத்தை மடியில் தங்கச்சி இருந்தாள். இப்படியே போனால் அத்தை என் முகத்தையே மறந்துவிடுவாள் என்று எனக்குப் பயம் வந்தது. நான் வீட்டில் இருக்க வேண்டுமென்றால் தார்ப்பாய் தன்னால் நிற்க வேண்டும். எனக்கு அவ்வளவுதான் கணக்கு.

ஒரு நாள் வீட்டுக்கு வந்தபோது தங்கச்சி தலையில் பளபளவென்று ஒன்று இருந்தது. அத்தை கொடுத்த கிளிப்பு. அதுவரை நாங்கள் தலைக்கு நாடாதான் கட்டியிருக்கிறோம். விளக்கடியில் வைத்துப் பார்த்தேன். வளைத்த இரும்புத் தகடு, அவ்வளவுதான். அமுக்கினால் வாயைத் திறந்தது, விட்டால் கவ்விக்கொண்டது. மறுநாள் அதை மடியில் வைத்துக்கொண்டு போய்த் தார்ப்பாயின் ஓரத்தில் மாட்டினேன். காற்று ஒரே உதறில் பிடுங்கி எறிந்தது. பாத்திக்குள் இறங்கித் தேடி எடுப்பதற்குள் உப்புத்தண்ணீரில் ஊறி, சாயங்காலம் பழுப்புப் பழுப்பாகத் துருவேறிவிட்டது. தங்கச்சி அழுதாள், அம்மா என் முதுகில் ஒன்று வைத்தாள். வாங்கிக்கொண்டேன். இரும்பு ஆகாது என்று தெரிந்துவிட்டதே.

உப்பு தின்னாத பொருள் எங்கள் ஊரில் ஒன்று உண்டு, பனைமட்டை. அளத்தைச் சுற்றிக் காய்ந்து கிடக்கும். ஒரு சாண் நீளத்துக்கு வெட்டி, நடுவே பிளந்து, தார்ப்பாயின் ஓரத்தில் செருகினேன். வழுக்கிக்கொண்டு வந்தது. மட்டையின் இரண்டு ஓரத்திலும் ரம்பம் மாதிரிக் கருக்கு இருக்குமே, அந்தப் பல்லை உள்பக்கம் திருப்பி வைத்தால் கடித்துக்கொள்ளும் என்று நினைத்தேன். நன்றாகத்தான் கடித்தது. தார்ப்பாயே கிழிந்தது.

“ஏளா, காத்து கிழிக்கது பத்தாதுன்னு நீ வேறயா?” என்றார் அப்பா. ஆனால் கோபமாகச் சொல்லவில்லை. சொல்லப்போனால் அன்றைக்கு அவர் கொஞ்சம் நிம்மதியாக இருந்தாற்போல்தான் தெரிந்தது.

என் இரண்டு கையும் கருக்கு கிழித்துக் கோடு கோடாக இருந்தது. கிழிந்த இடத்தில் உப்புத்தண்ணீர் பட்டால் எப்படி எரியும் என்று அளத்தில் வேலை பார்த்தவர்களைக் கேளுங்கள். நான் கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு திரும்ப உட்கார்ந்தேன்.

வழி பிடிபட்டது ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து வரும்போது. கோயில் மதிலோரப் புன்னை மரத்தடியில் பிள்ளைகள் புன்னைக்காய் உருட்டி விளையாடிக்கொண்டிருந்தார்கள். நான் ஒன்றைப் பொறுக்கிப் பாவாடை ஓரத்தில் வைத்துச் சுற்றிப் பிடித்தேன். துணிக்குள் காய் முண்டாகப் புடைத்து நின்றது. சும்மா துணியென்றால் விரலிடுக்கில் நழுவிப் போகும். முண்டு போகாது. அந்த இடத்திலேயே எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. துணியைக் கடிக்க வேண்டாம், முண்டைப் பிடித்தால் போதும்.

மறுநாள் அப்பா கருப்பட்டிக் காப்பி போட மூட்டிய நெருப்பில் ஆணியைப் பழுக்கக் காய்ச்சி, மட்டையில் ஓட்டை போட்டேன். கீழே காய் நுழைகிற அளவுக்குப் பெரிய ஓட்டை. அதிலிருந்து மேலே போகப் போக ஒடுங்குகிற பிளவு. பிளவு மேற்கொண்டு கீறிப் போகாமல் இருக்க அதன் நுனியில் ஈரப் பனைநாரைச் சுற்றிக் கட்டினேன், காய்ந்ததும் இரும்பாக இறுகியது. மட்டையின் அடிமுனையில் ஒரு கயிற்று வளையம், அது இஞ்சின் உட்கார்ந்திருக்கும் கட்டையில் அடித்த முளையில் மாட்டிக்கொள்ளும். தார்ப்பாயின் உள்பக்கம் புன்னைக்காயை வைத்து, முண்டைப் பெரிய ஓட்டை வழியாக இழுத்து, ஒடுங்கின பிளவுக்குள் தள்ளிவிட்டால் முடிந்தது. காற்று இழுக்க இழுக்க இறுகும். கழற்ற வேண்டுமென்றால் கட்டைவிரலால் காயைக் கீழே தள்ளினால் போதும். முடிச்சு கிடையாது, துருக் கிடையாது, கிழிசலும் கிடையாது.

“அப்பா, இழுத்துப் பாருங்க.”

அப்பா ஒரு கையால் இழுத்தார், பிறகு இரண்டு கையால். பிறகு கட்டையில் காலை ஊன்றிக்கொண்டு பல்லைக் கடித்து இழுத்தார். அது அசையவில்லை. வேறு அப்பாவாக இருந்தால் சிரித்திருப்பார். இவர் கிணற்றுப் பக்கம் திரும்பிக்கொண்டு, “பகல் காத்து கெடக்கட்டும். ராத்திரிக் காத்துக்கு நிக்கணுமே” என்றார்.

அன்று ராத்திரி அப்பா மட்டும் இஞ்சினை ஒரு தடவை பார்த்துவிட்டு வந்தார். காலையில் போய்ப் பார்த்தால் கிளிப்பு இரண்டு துண்டாகக் கிடந்தது.

“காத்து ஒடிச்சிட்டு ளா” என்றார் அப்பா.

நான் இரண்டு துண்டையும் எடுத்துச் சேர்த்துப் பார்த்தேன். “காத்து ஒடிச்சா நாரு நாரா நிக்குமேப்பா. இது வெட்டினாப்புல இருக்கு.”

அப்பா வாளியைக் கழுவிக்கொண்டிருந்தார்.

“பக்கத்து அளத்துக்காரனுக வேலைதான். பொறாம! நீங்க போய்க் கேளுங்க.”

வாளி சுத்தமான பிறகும் அப்பா அதைக் கழுவினார். “கேக்கேன் ளா” என்றார்.

நான் அசரவில்லை. புதிதாக ஒன்று செய்தேன், வீட்டுக்குப் போகும்போது அதைக் கழற்றி மடியில் கட்டிக்கொண்டு போனேன். பக்கத்து அளத்துக்காரன் என் மடியில் கை வைத்து எடுக்கட்டும் பார்ப்போம் என்று. அதற்கப்புறம் அப்பா குறை சொல்ல ஆரம்பித்தார். ஒரு மூலைக்கு இருந்தால் போதுமா என்றார், நாலு மூலைக்கும் செய்தேன். நடுவில் வயிறு ஊதித் தூக்குகிறதே என்றார், நடுவிலும் வைத்தேன். மழையில் ஊறினால் மட்டை இளகிவிடும் என்றார். மழை எங்கே இருந்தது? மூன்று பகல் கிணற்றுத் தொட்டியில் ஊறப்போட்டு எடுத்து மாட்டிக் காட்டினேன். அவசரத்தில் கழற்ற வராது என்றார், கண்ணை மூடிக்கொண்டு ஒரு கையால் அத்தனையையும் கழற்றிப் போட்டேன். குறை சொல்லச் சொல்லக் கிளிப்பு தேறிக்கொண்டே வந்தது. நான் தேறினேன். அப்பாதான் நாளுக்கு நாள் சோர்ந்துகொண்டு வந்தார். சரியாகச் சாப்பிடுவதில்லை. இஞ்சின் வேலை கடினம்தானே என்று நினைத்துக்கொண்டேன்.

அதற்குள் அத்தை திரும்பிப் போகிற நாள் நெருங்கிவிட்டது. பெரியப்பா வீட்டில் பெட்டி கட்ட ஆரம்பித்துவிட்டார்கள் என்று தங்கச்சி வந்து சொன்னாள்.

மறுநாள் அண்ணாச்சி அளத்தைப் பார்க்க வந்தார். அப்படி ஒரு கச்சான் நான் பிறகும் பார்த்ததில்லை. பாத்தித் தண்ணீரெல்லாம் நுரைத்துக் கரையில் ஒதுங்கியது, அவர் குடை வௌவாலாகத் திரும்பிக்கொண்டது. இஞ்சின் மேலிருந்த தார்ப்பாய் மட்டும் தாய்க்கோழியாக உட்கார்ந்திருந்தது. ஓரத்தைப் பிடித்து இழுத்துப் பார்த்தார்.

“இது ஆரு வேலைடே?”

அப்பா முளையைக் குனிந்து பார்த்தார். அவர் பேசுவார் என்று பார்த்தேன். பிறகு நானே முன்னால் வந்து, “நான்தான் அண்ணாச்சி” என்றேன்.

“நீயா? சரியான ஆளுதான்!” சிரித்துக்கொண்டே ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தார். பிறகு அப்பாவிடம், “ஏண்டே, இதுதான் கல்லாட்டம் நிக்குதே, பெறகு பொம்பளப் பிள்ளைய எதுக்கு இந்த வெயில்ல போட்டுக் காய வைக்கே? வீட்டுக்கு அனுப்பு” என்றார்.

அதற்குமேல் அப்பா என்ன குறை சொல்வார்? “சரி அண்ணாச்சி” என்றார்.

நான் அப்போதே ஓடியிருப்பேன். கஞ்சி குடித்துவிட்டுப் போ என்றார் அப்பா. குடித்தேன். அந்த வாளியை எடுத்து வை என்றார். வைத்தேன். அந்த எண்ணெய்த் துணி எங்கே, தேடு என்றார். அது அவர் தோளிலேயே கிடந்தது. எடுத்துக் கையில் கொடுத்தேன். “வெயில் தாழட்டுமே” என்றார். நான் ஒரு கிளிப்பைக் கழற்றி, அத்தையிடம் காட்டுவதற்காக மடியில் கட்டிக்கொண்டு நடையைக் கட்டினேன். கொஞ்ச தூரம் போய்த் திரும்பிப் பார்த்தேன். அப்பா இஞ்சினைப் பார்க்காமல் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார்.

வீட்டில் அத்தை பிஸ்கட் டின்னைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மடியில் தங்கச்சி. நான் மூச்சு வாங்க வாசலில் நின்றேன்.

“இது ஆரு?” என்றாள் அத்தை.

“பெரியவதான் மைனி” என்றாள் அம்மா.

“எண்ட மாதாவே! கருவாடாப் போச்சே பிள்ளை. இங்கன வா, கையக் காட்டு.”

நான் கிளிப்பைக் காட்டினேன், அத்தை கையைத்தான் பார்த்தாள். கருக்குக் கீறல், ஆணி சுட்ட தழும்பு, உப்பு தின்ற வெடிப்பு. அத்தை கெட்டவள் இல்லை. தேங்காயெண்ணெய் எடுத்து வரச் சொல்லி என் இரண்டு உள்ளங்கையிலும் மெதுவாகத் தேய்த்துவிட்டாள். டின்னைத் திறந்து பிஸ்கட் கொடுத்தாள். நான் கிளிப்பை அவள் சேலைத் தலைப்பில் மாட்டி, இழுத்துப் பாருங்க அத்தை என்றேன். இழுத்துப் பார்த்துவிட்டுக் கண்ணில் நீர் வரச் சிரித்தாள். எல்லாம் சரியாக நடக்கிறது என்று நான் பிஸ்கட்டைக் கடித்தேன்.

“சின்னதே வரட்டும்” என்றாள் அத்தை அம்மாவிடம். “இதுக்கு இங்கன வேர் பிடிச்சிட்டு. என் தம்பிக்காரன் மூஞ்சி, அவன் பிடிவாதம். புடுங்கினா பட்டுப்போகும்.”

அம்மா எண்ணெய்க் கிண்ணத்தை மூடிக்கொண்டே இருந்தாள்.

எனக்கு அழுகை வந்தது. ஆனாலும் மனதைத் தேற்றிக்கொண்டேன். கைதானே காரணம், கை ஆறிவிடும். இந்த முறை சின்னவள் போய்க் கப்பலையும் கடையையும் பார்த்துவிட்டு வரட்டும், அடுத்த முறை நான் போவேன் என்று நினைத்தேன். அவள் எப்போது திரும்பி வருவாள் என்று அம்மாவிடம் கேட்டேன். அம்மா அடுப்படிக்குள் போனாள். புகை, அதனால் கண்ணைத் துடைக்கிறாள் என்று இருந்தேன்.

அத்தையும் தங்கச்சியும் கப்பல் பிடிக்கத் தனுஷ்கோடிக்கு ரயிலேறினார்கள். பெரியப்பா பெட்டியைத் தூக்கிக்கொண்டு முன்னால் போனார். தங்கச்சி புதுச் சப்பாத்தைக் குனிந்து குனிந்து பார்த்துக்கொண்டு நடந்தாள், எங்களைப் பார்க்கவில்லை. வண்டி நகர்ந்தபோதுதான் அம்மாவைத் தேடி ஜன்னலில் முகத்தை ஒட்டினாள். நான் கையை ஆட்டினேன். அப்பா வரவில்லை. இஞ்சினை விட்டுவிட்டு வர முடியாது என்று சொல்லிவிட்டாராம்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா சோற்றைப் பாத்திரத்தில் போட்டு என் கையில் கொடுத்தாள். நான் அளத்துக்குப் போனேன். தூரத்தில் வரும்போதே சத்தம் இல்லை, இஞ்சின் ஓடவில்லை. தார்ப்பாய் போர்த்தியிருந்தது. நான் செய்த கிளிப்பு அத்தனையும் மாட்டியிருந்தது. காற்றும் அன்றைக்கு ஒடுங்கிவிட்டது, பாத்தித் தண்ணீரில் ஒரு சுருக்கம் இல்லை. அப்பா நான் உட்காருகிற இடத்தில், நான் உட்காருகிற மாதிரியே குந்தி, தார்ப்பாயின் ஓரத்தை இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

“அவ அழுதாளா?” என்று கேட்டார்.

“இல்லப்பா. சப்பாத்தையே பாத்துக்கிட்டுப் போனா.”

அப்பா தலையை ஆட்டினார். நான் சோற்றைக் கீழே வைத்தேன்.

“கைய எடுங்கப்பா. அதான் கிளிப்பு பிடிச்சிருக்குல்லா?”

“எடுக்கேன் ளா” என்றார். எடுக்கவில்லை.

நான் சுற்றி வந்து ஒவ்வொரு கிளிப்பாக இழுத்துக் காட்டினேன். காலை ஊன்றி, பல்லைக் கடித்து, உடம்பை முழுக்கச் சாய்த்து இழுத்துக் காட்டினேன். ஒன்றுகூட அசையவில்லை. அப்பாவின் கையும் அசையவில்லை. ஊரே மெச்சுகிறது, அண்ணாச்சி மெச்சுகிறார், பெற்ற தகப்பனுக்கு இன்னும் என் கிளிப்பின்மேல் நம்பிக்கை வரவில்லையே என்று எனக்குக் கோபம் கோபமாக வந்தது.